ஆட்-ஆன் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்!

நம் புதுவையில் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளானாலும் சரி, மொத்த வியாபாரக் கிடங்குகளானாலும் சரி, நாளேடும் பேரேடும் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. பில் போடும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம், விலை பேசுகிறோம், ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு வரும் துணை மென்பொருள்கள் விஷயத்தில் அந்தக் கவனம் நம்மிடம் இல்லை. "அண்ணாச்சி, இ-இன்வாய்சுக்கு ஒரு ஆட்-ஆன் போட்டால் போதும்", "தராசை பில்லோடு சேர்க்க ஒரு பிளகின் இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த அரை நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் பல நாட்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, நம் தொழில் வழக்கத்தோடு பொருத்தி எழுதுகிறேன். கணக்கு நம்முடையது. தப்பு நேர்ந்தால் வரி அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான்.

சரக்கு வருவது வேறு, கடையில் வைப்பது வேறு

துணை மென்பொருள் என்பது பெரும்பாலும் ஒரு சிப்பமாகக் கட்டப்பட்டு வருகிறது. இப்படிக் கட்டிய நிரல் தொகுப்பைக் கம்ப்யூட்டர் துறையில் லைப்ரரி என்கிறார்கள். தனியாக அது எந்த வேலையும் செய்யாது. மூல மென்பொருள் கூப்பிட்டால்தான் வேலை செய்யும். மிளகாய்த்தூள் பாக்கெட் தானாகக் குழம்பு ஆகிவிடாது அல்லவா, அதுபோல.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பையில் 2008-இல் தொடங்கிய ஃப்ராப்பே என்ற நிறுவனம் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற வணிகக் கணக்கு மென்பொருளை உருவாக்கி, மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வெளியிட்டிருக்கிறது. இந்திய ஜி.எஸ்.டி.க்கான வேலைகள் முன்பு அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தன. 2022-இல் வந்த 14-ஆம் பதிப்பில் அவை வெளியே எடுக்கப்பட்டு, 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனித் துணை மென்பொருளாக ஆயின. அதை உருவாக்கிப் பராமரிப்பது ரெசிலியன்ட் டெக் என்ற வேறு நிறுவனம். ஆக, மூல மென்பொருள் ஒருவருடையது, ஜி.எஸ்.டி. சிப்பம் இன்னொருவருடையது, இரண்டும் சேர வேண்டிய இடம் நம் கணக்கு.

இந்த ஏற்பாட்டில் துணை மென்பொருள் இரண்டு கட்டமாக உள்ளே வருகிறது. முதல் கட்டத்தில் சிப்பம் இறக்கப்பட்டுக் கம்ப்யூட்டரில் ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. இதற்கு 'கெட்-ஆப்' என்ற கட்டளை. கிடங்கில் சரக்கு இறங்கியதற்குச் சமம். கணக்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. இரண்டாவது கட்டத்தில் 'இன்ஸ்டால்-ஆப்' என்ற கட்டளை கொடுத்து, குறிப்பிட்ட ஒரு கணக்குத் தளத்தில் அதை நிறுவுகிறார்கள். கிடங்கிலிருந்து எடுத்துக் கடையில் அடுக்குவது போன்றது இது. ஒரே கம்ப்யூட்டரில் பல தளங்களை வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரிக் கடைக்கு ஒன்று, கடலூர்க் கடைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று பிரித்து, எதில் வேண்டுமோ அதில் மட்டும் நிறுவலாம். நம் கணக்கில் கை வைப்பது இந்த இரண்டாவது கட்டம்தான்.

கொக்கி என்றால் என்ன?

மூல மென்பொருளை எழுதுபவர் சில இடங்களில் கொக்கிகளை விட்டு வைக்கிறார். ஆங்கிலத்தில் இதை ஹூக் என்பார்கள். "நிறுவுவதற்கு முன்" என்று ஒரு கொக்கி, "நிறுவிய பின்" என்று ஒரு கொக்கி, "எடுப்பதற்கு முன்", "எடுத்த பின்" என்று வேறு கொக்கிகள். துணை மென்பொருளை எழுதுபவர் தன் வேலையை அந்தந்தக் கொக்கியில் மாட்டி வைக்கிறார். அந்த வேளை வரும்போது மூல மென்பொருள் அதைக் கூப்பிட்டு ஓட்டுகிறது.

ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் இந்தக் கொக்கிகள் எல்லாம் ஒரே கோப்பில் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும். எந்தக் கொக்கியில் எந்த வேலை தொங்குகிறது என்பதை விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடலாம்.

இந்தக் கொக்கிகள் தேவைதானா என்றால், கட்டாயம் தேவை. புதுக்கணக்கு தொடங்கும் நாளில் நாம் பேரேட்டைப் பிரித்தவுடன் விற்பனையை எழுதிவிடுவதில்லை. பிள்ளையார் சுழி போட்டு, பக்கம் பிரித்து, தலைப்பு எழுதி, பழைய இருப்பைக் கொண்டுவந்த பிறகுதான் முதல் பதிவு. ஜி.எஸ்.டி. துணை மென்பொருளும் அப்படித்தான். சரக்குப் பட்டியலில் எச்.எஸ்.என். எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலில் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும். பில்லில் சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்ற கட்டம் வேண்டும். நிறுவிய பின் ஓடும் கொக்கி இவற்றை உண்டாக்கித் தருகிறது. இல்லாவிட்டால் நம் பையன் ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும், ஒன்றை மறந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது தகராறு.

டாலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாலியின் துணை நிரல்கள் டி.டி.எல். என்ற அதன் சொந்த மொழியில் எழுதப்பட்டு, டாலியைத் திறக்கும்போது சேர்த்து ஏற்றப்படுகின்றன. முறை வேறு என்றாலும், மற்றவர் எழுதிய நிரல் நம் கணக்குக்குள் ஓடுகிறது என்ற விஷயம் ஒன்றுதான். ஆகவே இங்கே சொல்லும் எச்சரிக்கைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

வாசலிலேயே பிரியும் சிப்பம்

சில இடங்களில் சிப்பம் கிடங்கு வாசலில் இறங்கியவுடனேயே தானாகப் பிரிந்து வேலை செய்யத் தொடங்கிவிடும். இணையதளங்கள் செய்வோர் பயன்படுத்தும் என்.பி.எம். என்ற சிப்பக் கிடங்கில் நெடுங்காலமாக இதுதான் வழக்கம். சிப்பத்தை இறக்கும்போதே அதிலுள்ள கொக்கி ஓடிவிடும். இதைப் பயன்படுத்தித் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். 2021 அக்டோபரில் யு.ஏ.-பார்சர்-ஜே.எஸ். என்ற, உலகெங்கும் பயன்படும் ஒரு சிப்பத்தின் சொந்தக்காரருடைய கணக்கை யாரோ கைப்பற்றி, நிறுவும் கொக்கியில் கெட்ட நிரலை மாட்டி வெளியிட்டார்கள். இறக்கியவர்களின் கம்ப்யூட்டர் பிறருக்காக மறைவாக நாணயம் தோண்டத் தொடங்கியது, கடவுச்சொற்களும் திருடப்பட்டன. 2025 செப்டம்பரில் அதே கிடங்கில் ஒரு புழு கிளம்பி, கொக்கி வழியாகவே ஓடி, ஒரு சிப்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றி நூற்றுக்கணக்கான சிப்பங்களைக் கெடுத்தது.

எனவே இப்போது பலர் முறையை மாற்றி வருகிறார்கள். அதே கிடங்கிலிருந்து சிப்பம் எடுக்கும் பி.என்.பி.எம். என்ற கருவி, 2025 ஜனவரியில் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, நாம் பெயர் சொல்லி அனுமதித்தால் ஒழிய துணைச் சிப்பங்களின் கொக்கிகளை ஓட்டுவதில்லை. பைத்தான் என்ற மொழியில் 'வீல்' என்ற வகைச் சிப்பங்களுக்கு நிறுவும் கொக்கியே கிடையாது. கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதோடு வேலை முடிந்தது.

சரக்கு லாரியில் வந்தவர் நம் கல்லாவைத் திறந்து கூலியை அவரே எடுத்துக்கொள்ள நாம் விடுவோமா? முதலில் மூட்டை இறங்கட்டும், எடை பார்ப்போம், குத்தி மாதிரி எடுத்துப் பார்ப்போம், பிறகுதான் பணம். சிப்பம் வருவதும் கொக்கி ஓடுவதும் இரண்டு வேறு வேலைகளாக இருந்தால்தான் நமக்கு நடுவில் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

உக்ரைனில் நடந்தது, மும்பையில் தெரிந்தது

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் தலைவலி என்று நினைக்க வேண்டாம். உக்ரைன் நாட்டில் வரித் தாக்கல் செய்ய ஏராளமான வணிகர்கள் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளை வைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவர்கள், அது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் புதுப்பிப்புகளுக்குள் கள்ள வழி ஒன்றை வைத்தார்கள். 2017 ஜூன் 27-ஆம் தேதி அதன் வழியாக ஒரு நாச நிரல் பரவியது. கணக்கு மென்பொருளை ஒழுங்காகப் புதுப்பித்து வந்தவர்களுடைய கம்ப்யூட்டர்கள்தான் முதலில் அழிந்தன. மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் தனக்கு 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று கணித்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய சரக்கு முனையத்தின் வேலையும் நின்றுபோனது. நம் நாட்டில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வர அப்போது நாலே நாள் இருந்தது.

அது நிறுவும் கொக்கியின் வேலை அல்ல, புதுப்பிப்பின் வழியே வந்தது. ஆனாலும் பாடம் ஒன்றே: வரி கட்டுவதற்காக நாம் நம்பிப் போடும் மென்பொருள், நம் கணக்கு முழுவதையும் தொடும் அதிகாரத்தோடு ஓடுகிறது.

இரண்டு முறை ஓடினால்?

திருடர்களை விட்டுவிடுவோம். நல்ல எண்ணத்தோடு எழுதிய கொக்கியும் கஷ்டம் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் ஒரு துணை மென்பொருளை நிறுவும்போது பாதியில் மின்சாரம் போய்விட்டது. வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார். சரக்குப் பட்டியலில் பாதிச் சரக்குகள் இரண்டு இரண்டாகிவிட்டன. துவரம்பருப்பு என்று இரண்டு வரி. கொள்முதல் ஒரு வரியில் ஏறியது, விற்பனை இன்னொரு வரியில் இறங்கியது. ஒன்றில் இருப்பு மலைபோல் குவிந்தது, மற்றதில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனது. சரிசெய்ய ஐந்து நாள் ஆயிற்று. பண்டிகை நேரம் வேறு.

நன்றாக எழுதிய கொக்கி, ஒன்றை உண்டாக்குவதற்கு முன் "இது ஏற்கெனவே இருக்கிறதா?" என்று பார்க்கும். இருந்தால் விட்டுவிடும். அப்படி எழுதியிருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் பலன் ஒன்றாகவே இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாதியில் தவறினால் எல்லாம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முழு உண்மை அல்ல. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் மரியா-டி.பி. என்ற தரவுக் கிடங்கில், எழுதிய பதிவுகளைத் திரும்பப் பெறலாம். ஆனால் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தால் அது அந்த நிமிடமே நிலைத்துவிடும், அதற்கு முன் எழுதியவையும் சேர்ந்து நிலைத்துவிடும். பென்சிலில் எழுதியதை அழிக்கலாம், பேரேட்டில் மையால் கோடு போட்டபின் அழிக்க முடியாது என்பது போல. ஆகவே நிறுவுவதற்கு முன் நகல் எடுத்து வைப்பது ஒன்றுதான் நம்பத்தகுந்த வழி.

பழைய கடைக்குத் தனி வேலை

நிறுவும் கொக்கி ஒரு தளத்தில் நிறுவும்போது மட்டுமே ஓடும். ஆறு மாதம் கழித்து அரசு வரியை மாற்றினால் அது மறுபடி ஓடாது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி அப்படித்தான் ஆனது. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் முதலியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. ஏற்கெனவே நிறுவியிருக்கும் கடைகளில் இப்படிப்பட்ட மாற்றத்தைச் செய்யத் தனியாக ஒட்டு போடுகிறார்கள். சைக்கிள் டியூபுக்குப் போடும் அதே பேட்ச் என்ற பெயர்தான். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் ஒவ்வொரு ஒட்டும் ஒரு முறை ஓடியதும் பதிவேட்டில் குறிக்கப்படும், மறுபடி ஓடாது.

புதிதாக நிறுவும் கடையில் பழைய ஒட்டுகள் ஓடாமலே "முடிந்தது" என்று குறிக்கப்பட்டுவிடும். நிறுவும் கொக்கியே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும் என்ற எண்ணத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே எழுதுபவர் ஒரு மாற்றத்தை ஒட்டில் மட்டும் சேர்த்துக் கொக்கியில் சேர்க்க மறந்தால், பழைய கடை சரியாக இருக்கும், புதுக்கடை தப்பாக இருக்கும். கொக்கியில் மட்டும் சேர்த்தால் நேர் எதிராகும். "பக்கத்துக் கடையில் சரியாக வருகிறதே, நம் கடையில் ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்கு விடை பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் முக்கியம். வரி விகிதத்தை மாற்றும் எந்த நிரலும் இனிப் போடும் பில்லை மட்டும்தான் மாற்ற வேண்டும். செப்டம்பர் 21 வரை போட்ட பில்கள் பழைய விகிதத்திலேயே இருக்க வேண்டும்.

புதுவைக்கே உரிய சிக்கல்கள்

நம் ஊருக்கென்று சில விசேஷங்கள் இருக்கின்றன. வெளியூரில் எழுதிய துணை மென்பொருள் அவற்றை அறிந்திருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். ஆனால் சட்டமன்றம் உள்ளதால் இங்கே மாநில வரி எஸ்.ஜி.எஸ்.டி.தான், சண்டிகர் போன்ற இடங்களுக்கு உரிய யூ.டி.ஜி.எஸ்.டி. அல்ல. "யூனியன் பிரதேசம்" என்ற சொல்லை மட்டும் பார்த்து ஒரு கொக்கி கணக்குத் தலைப்பை உண்டாக்கினால் முதல் பில்லே தவறாகிவிடும்.

நம் மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. கோட்டக்குப்பம் நம் வாசலில் இருந்தாலும் தமிழ்நாடு. அங்குள்ள கடைக்குச் சரக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நம் 34-தான். வண்டி தமிழ்நாட்டையோ, கேரளத்தையோ, ஆந்திரத்தையோ கடந்து போனாலும் பில் உள்மாநில பில்தான். பின்கோடையோ தூரத்தையோ வைத்து ஊகிக்கும் மென்பொருள் இங்கே தடுமாறும்.

அரிசி வியாபாரிகளுக்கு இன்னொரு விஷயம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீதம். அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கும் சில்லறையாக அளந்து கொடுப்பதற்கும் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்தது. "அரிசி" என்ற பெயரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போடும் கொக்கி நமக்கு உதவாது.

எடுக்கும்போதும் கவனம்

துணை மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று எண்ணுகிறோம். எடுக்கும்போதும் ஒரு கொக்கி ஓடும். அந்தத் துணை மென்பொருள் உண்டாக்கிய கட்டங்களும் அட்டவணைகளும் அதோடு போகலாம், அவற்றில் நாம் இரண்டு வருடமாக எழுதிய விவரமும் சேர்ந்து போகலாம். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் எடுப்பதற்கு முன் வழக்கமாக ஒரு நகல் தானாக எடுக்கப்படும். எது எது போகும் என்று எடுக்காமலே பட்டியல் காட்டும் வசதியும் உண்டு. மற்ற மென்பொருளில் இவை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

துணை மென்பொருள் போட வருபவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. நிறுவும்போது என்னென்ன ஓடும்? நம் கணக்கில் எதைச் சேர்க்கும், எதை மாற்றும்?
2. இதை எழுதியவர் யார்? சிப்பம் அவரிடமிருந்து நேரே வந்ததா, வேறு கை மாறி வந்ததா?
3. நிறுவும் முன் நகல் எடுத்தாயிற்றா? அந்த நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாயிற்றா?
4. பாதியில் நின்றால் என்ன ஆகும்? இரண்டாம் முறை ஓட்டலாமா?
5. வரி மாறினால் ஏற்கெனவே நிறுவிய கடைக்கு மாற்றம் எப்படி வரும்?
6. பழைய பில்களைத் தொடுமா?
7. எடுத்தால் எது எது போகும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரடியாகக் கடைக் கணக்கில் நிறுவ விடாதீர்கள். நேற்று இரவு எடுத்த நகலை வைத்துச் சோதனைத் தளம் ஒன்றை உண்டாக்கி முதலில் அதில் நிறுவச் சொல்லுங்கள். அதில் ஐந்து பில் போட்டுப் பாருங்கள்: உள்ளூருக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று, காரைக்காலுக்கு ஒன்று, 10 கிலோ அரிசியும் 26 கிலோ அரிசியும் சேர்த்து ஒன்று, சரக்குத் திரும்பி வந்ததற்கு ஒன்று. பிறகு சரக்கிருப்பின் மொத்த மதிப்பும் வரவேண்டிய பாக்கியும் நேற்றைய கணக்கோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்தால் கடைக் கணக்கில் போடலாம். அதையும் மாதக் கடைசியிலோ பண்டிகைக்கு முந்தைய வாரத்திலோ செய்ய வேண்டாம்.

இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும், வருபவர் சற்று முகம் சுளிக்கலாம். புது ஊரிலிருந்து வந்த சரக்கை மாதிரி பார்க்காமல் நாம் வாங்குவதில்லை, அதற்காக எந்தத் தரகரும் கோபித்துக்கொள்வதில்லை. மென்பொருளும் சரக்குதான். பார்த்து வாங்குவோம், பார்த்து இறக்குவோம், அதன் பிறகு கடையில் அடுக்குவோம்.